பின்னமான தட்டு

வெங்கிட்டுவுக்குச் சந்தியாவந்தனம் கிடையாது, ஏகாதசி கிடையாது. ஆவணி அவிட்டத்தன்று பூணூலை மாட்டிக்கொண்டு, மறுநாள் அதை எங்கே கழற்றி வைத்தோம் என்று தேடுகிற ஆசாமி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ரெக்கார்டைத் தொடுவதற்கு முன்னால் அந்த மனுஷன் பார்க்கும் ஆசாரம் இருக்கிறதே, அப்பப்பா! குளித்திருக்க வேண்டும். குளித்தபின் எண்ணெய்ப் பண்டம் எதையும் தொட்டிருக்கக் கூடாது. ஃபோன் இரண்டும் சமையலறையில் இருக்க வேண்டும். தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது இரண்டு உள்ளங்கைக்கு நடுவில், விளிம்பில் மட்டும்தான் பிடிக்கலாம். ஒரு பக்கம் சுழல ஆரம்பித்துவிட்டால் அது முடிகிறவரை யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பால் பொங்கி வழிந்தாலும் சரி.

“எங்கம்மா ஊறுகாய்ப் பரணிக்குக்கூட இத்தனை மடி பாத்ததில்லையாக்கும்” என்பாள் அவர் மனைவி திரிபுரசுந்தரி. சொல்லிவிட்டுத் தானும் குளித்து, ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கிண்டல் வாயோடு சரி.

இவ்வளவு மடியும் ஏதோ பெரிய வித்வானின் கச்சேரிக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போலந்திலும் தலைமுடியைத் தோள்வரை வளர்த்த பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரே ஒரு ரெக்கார்டு போட்டு, அதை ஒரு ஈ காக்கை வாங்காமல், கலைந்து வீட்டுக்குப் போனார்களே, அந்த ராக் கோஷ்டிகளுக்குத்தான். புரோக்ரஸிவ் ராக் என்று அதற்குப் பெயர். மூன்று நிமிஷத்தில் பாட்டை முடிப்பது இவர்களுக்கு ஆகாது. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக ஓடும். புல்லாங்குழலில் தொடங்கும், திடீரென்று சர்ச்சில் வாசிக்கிற மாதிரி ஆர்கன் வரும், அப்புறம் இடி இடிக்கும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து அழாத குறையாகப் பாடுவார்கள். மெல்லோட்ரான் என்று ஒரு யந்திரம் வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் உள்ளே டேப்பில் பதிந்த நூறு வயலின் ஒன்றாக எழும். அது எழும்போது சுந்தரிக்குக் கையில் மயிர் குத்திட்டு நிற்கும். வெங்கிட்டு அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கொங்கணிக் குடும்பம் ஒன்றின் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். வெங்கிட்டுவுக்கு பஜார் ரோட்டில் ஒரு குறுமிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு வேலை. சுந்தரி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். இரண்டு பேருடைய பூர்வீகமும் பாலக்காடு. கல்யாணமான புதிதில், யூதர்கள் வாழ்ந்த ஜூதத் தெருவில் பழஞ்சாமான் கடை ஒன்றில் ஒரு மர அலமாரி வாங்கப் போனார்கள். அலமாரிக்குள்ளே, போர்ட் கொச்சி பங்களாவிலிருந்து வந்த பழைய ரெக்கார்டுகள் கிடந்தன. அதில் ஒன்றின் அட்டையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வயலும் ஒரு நாற்காலியும் மட்டும். “இதென்னதிது, பேருகூட இல்லாத ஒரு சாதனம்!” என்று சுந்தரிதான் எடுத்தாள். வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவள், “இன்னொருதரம் போடுங்கோ” என்றாள். தாலி கட்டியது குருவாயூரில். ஆனால் நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது அன்றைக்குத்தான் என்று வெங்கிட்டு யாரிடமும் சொல்வார். வெட்கம் கிடையாது அவருக்கு.

அதன்பிறகு கண்டுபிடிப்பதெல்லாம் அவள் வேலை, வாங்கி மடி பார்ப்பது இவர் வேலை. அவளுக்கு வலது காது சின்ன வயசிலேயே போய்விட்டது. பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் வடிந்தபோது காதும் கூடவே போயிற்று. இருந்தது இடது காது ஒன்றுதான். அந்த ஒற்றைக் காதுக்கு இருந்த பசி, இரண்டு காதுக்காரர் ஒருவருக்கும் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு ஆனால் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து ஹங்கேரிக்காரன், ஜப்பான்காரன் எழுதுவதையெல்லாம் மொழிபெயர்த்துப் படிப்பாள். எந்த ஊரில் எந்தக் கோஷ்டி எந்த வருஷம் ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுக் காணாமல் போயிற்று என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். வாயில் நுழையாத பெயர்களுக்கெல்லாம் வீட்டுப் பெயர் வைத்துவிடுவாள். ஃபின்லாந்துக்காரர்களுக்கு ‘ஜலதோஷம்’. போலந்துக்காரர்களுக்கு ‘சம்பந்தி வீட்டார்’, ஏனென்றால் கோபித்துக்கொண்டு நடுவில் எழுந்து போகிற மாதிரியே வாசிப்பார்களாம்.

ஆனால் ஃபோனில் கேட்கக் கூடாது. அதுதான் வெங்கிட்டு வைத்த சட்டம். புதுக் கோஷ்டி எதுவானாலும் முதல் தடவை ரெக்கார்டில்தான், ஸ்பீக்கரில்தான், ஞாயிற்றுக்கிழமைதான், இரண்டு பேரும் சேர்ந்துதான். “முதல் கேள்வி ஒரு தரம்தான் கிட்டும். அதைப் போய் ஃபோனில் பாழாக்குவாளோ?” என்பார். சுந்தரி முணுமுணுப்பாள். ஆனாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை வருஷமும் இருந்தாள்.

போன வருஷம் மாசி பங்குனி வாக்கில் அந்த நல்ல காதும் மந்தமாக ஆரம்பித்தது. வகுப்பில் பிள்ளைகள் கேட்பது புரியவில்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு போய்க் குனிந்து கேட்டாள். பிறகு அதுவும் முடியாமல் வேலையை விட்டாள். எறணாகுளத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், காது நரம்பில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது, கெட்ட கட்டி இல்லை, ஆனால் மூளையை அழுத்தப் பார்க்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்றார். எடுத்தால் கேட்குமா என்று வெங்கிட்டு கேட்டார். கட்டியோடு நரம்பும் போகும், அந்தக் காதில் பிறகு ஒன்றும் கேட்காது என்றார் டாக்டர். ஓணம் கழிந்து ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது தோப்பும்படிப் பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. ஒரே ஹார்ன் சத்தம். சுந்தரி சொன்னாள்: “இந்த ஹார்ன்கூட இனிமே கேக்காது, இல்லையா?”

“அதைப் பத்தி இப்போ எதுக்கு?”

“பின்னே எப்போ?” என்றாள்.

அந்த வாரத்திலிருந்து அவள் பசி இரட்டிப்பாயிற்று. காது இருக்கும்போதே எத்தனை முடியுமோ அத்தனை. கூடத்தில் பகலெல்லாம் ஏதாவது சுழன்றது. ஒருநாள் சாயங்காலம் அவள் ஃபோனோடு அடுக்களைக்கு ஓடி வந்தாள். முகத்தில் ஒரு திருட்டுக் களை.

“ஏன்னா, ஒரு சாதனம் கிட்டியிருக்கு. இத்தாலி. த்ரியெஸ்தேன்னு ஒரு ஊர், நம்ம கொச்சியாட்டம் துறைமுகமாம். ‘கொர்த்தீலே’ன்னு கோஷ்டிக்குப் பேரு. முற்றம்னு அர்த்தமாம். ஒரே ஒரு ரெக்கார்டு.”

“ஆர்டர் பண்ணிடலாம்.”

“ஒரு தப்புப் பண்ணிட்டேன். கோபிச்சுக்காதீங்கோ. ரெண்டாம் பக்கத்துல கொஞ்சூண்டு எவனோ நெட்ல போட்டிருந்தான். நாலு நிமிஷம். கேட்டுட்டேன்.”

வெங்கிட்டுவுக்கு முகம் சுண்டிவிட்டது. பெண்டாட்டிக்குக் காது போகப்போகிறது, இந்த மனுஷனுக்கு ஃபோனில் கேட்டதுதான் குற்றம்! ஆனால் அவள் அதைக் கவனிக்கும் நிலைமையில் இல்லை. கண்ணெல்லாம் பளபளவென்று ஜொலித்தது.

“முதல்ல ஒரு புல்லாங்குழல், தனியா. அப்புறம் கிடார். அப்புறம் மெல்லோட்ரான் ஏறறது, ஏறறது, ஏறிண்டே போறது. இனிமே ஏற இடமில்லைங்கறச்சே எல்லாம் டக்குன்னு நின்னுடறது. அந்த நிசப்தத்துல யாரோ மூச்சை இழுக்கறா. பாடறதுக்கு முன்னால இழுக்கற மூச்சு, நன்னாக் கேக்கறது. அதோட கட்! எவனோ படுபாவி அங்கேயே கட் பண்ணிட்டான். பாடறது ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலை. தேடிப் பாத்தாச்சு, வேற எங்கேயும் கிடையாது. நேக்கு அது கேக்கணும், கேட்டோ. கேட்டுட்டுத்தான் போவேன் ஆபரேஷனுக்கு.”

இத்தாலியில் ஒரு வியாபாரியிடம் ரெக்கார்டு இருந்தது. சுந்தரியின் ஃபோனிலிருந்தே ஆர்டர் கொடுத்தார்கள். அது கப்பலோ விமானமோ ஏறி, எங்கெங்கோ கிடந்து, ஆடி பிறந்து, கர்க்கடக மாசத்து மழையில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே போடலாம் என்றாள் சுந்தரி. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே என்றார் வெங்கிட்டு.

மறுநாள் அவள் விடியும் முன்னே குளித்துவிட்டு வந்து, நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். வெங்கிட்டு உறையைப் பிரித்துத் தட்டை எடுத்துச் சுழலவிட்டார். முள்ளை வைக்கப் போன கை அப்படியே நின்றது. தட்டு வளைந்திருந்தது. வழியில் எங்கேயோ வெயிலில் கிடந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மேலே எழும்பி, எழும்பி, தணிந்து சுற்றிற்று.

“சரியில்லை” என்றார்.

“என்ன சரியில்லை?”

“வளைஞ்சிருக்கு. முள் குதிக்கும். குதிக்கலேன்னாலும் சுருதி ஆடும். மெல்லோட்ரான் குடிகாரனாட்டம் தள்ளாடும்.”

“தள்ளாடட்டும். வைங்கோ.”

“சுந்தரி, முதல் கேள்வி...”

“முதலும் அதுதான் முடிவும் அதுதான். வைங்கோன்னா.”

“பின்னமான விக்ரகத்தை வச்சுண்டு யாராவது பூஜை பண்ணுவாளோ? அவன்கிட்ட இன்னொண்ணும் இருக்காம். இதைத் திருப்பி அனுப்பிட்டா மூணு வாரத்துல நல்ல தட்டு அனுப்பிடுவான். ஓணத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கு.”

“நேக்குச் சாமி வேணாம், பூஜை வேணாம்” என்றாள் சுந்தரி. “அந்த மூச்சுக்கு அப்புறம் என்னன்னு தெரிஞ்சா மதி, அது போதும்.”

அவர் தட்டை நிறுத்தி, உறையில் போட்டார். அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு அடுக்களைக்குப் போய் இட்லிக்கு அடுப்பை மூட்டினாள்.

மனுஷன் கெட்டவனா என்றால் இல்லை. அவளுக்கு எது கொடுத்தாலும் மாசு மருவில்லாததாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. அந்த முள்ளை வைத்துவிட்டால் அது கடைசி ரெக்கார்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நல்ல தட்டு வரவேண்டியிருக்கிற வரைக்கும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருக்கிறது. இப்படித்தான் அவர் மனசு கணக்குப் போட்டது. ஒரு கணக்கப்பிள்ளையின் மனசு இவ்வளவு தப்பாகவா கணக்குப் போடும்!

திங்கட்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு ஜூதத் தெருவுக்குப் போனார். அங்கே பழஞ்சாமான் கடையில் செல்லதுரை பார்சல் கட்டுகிறவன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், மட்டாஞ்சேரிக்கு வந்து பல வருஷமாயிற்று. சுந்தரியைத் தெரியும். அவள் காது விஷயமும் தெரியும்.

“அக்கா கேட்டாச்சா சார்?” என்றான், அட்டையை வெட்டிக்கொண்டே.

“இல்லை. தட்டு வளைஞ்சிருக்கு.”

“அதுனால என்ன? ஒருமட்டம் சுத்தவிட்டுட்டு அனுப்புனா என்ன கொறஞ்சிரப் போவுது?”

“அது அப்படிக் கேக்கக் கூடாது செல்லதுரை. நோக்கு மனசிலாகாது.”

“எனக்கு என்ன மனசிலாவுது” என்றான் செல்லதுரை. “வேண்டாம்னு தோணுது சார். வீட்டுக்கே கொண்டுட்டுப் போயிருங்க.”

அவன் அட்டையை வெட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். வெங்கிட்டு, “நன்னா இறுக்கிக் கட்டு, மழை ஒழுகப் போறது” என்றார். அவன் கட்டினான்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் வெங்கிட்டு ஆபீஸில் இருக்கும்போது கீழ்வீட்டுக் கொங்கணி மாமி கூப்பிட்டாள். சுந்தரி மாடிப்படியில் தலைசுற்றி விழுந்துவிட்டாள், விடாமல் வாந்தி. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு எறணாகுளம் போனார்கள். மறுபடி ஸ்கேன். கட்டி மூளையை நெருக்கி உள்ளே நீர் கட்டிக்கொண்டது, ஓணம்வரை எல்லாம் தாங்காது, நாளைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

வெங்கிட்டு வராந்தாவுக்கு வந்து இத்தாலிக்காரனுக்கு எழுதினார். அரைகுறை இங்கிலீஷில் எழுதினார். உன்னிடம் அந்த ரெக்கார்டு இருக்கிறதா, இருந்தால் இரண்டாம் பக்கத்தை ஃபோனில் வைத்துப் பதிந்து அனுப்பு, எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வளைந்த தட்டானாலும் பரவாயில்லை, இன்றைக்கே வேண்டும், என் மனைவிக்கு நாளையிலிருந்து காது கேட்காது. நல்லவன் அந்த மனுஷன். உடனே பதில் போட்டான். வளைந்த தட்டு இன்னும் எனக்கு வந்து சேரவில்லை, உங்களுக்கு நல்ல தட்டை நேற்றைக்கே அனுப்பிவிட்டேன், என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தான். ஒன்று போய்க்கொண்டிருந்தது, ஒன்று வந்துகொண்டிருந்தது. இவர் இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போய் அவளிடம் சொன்னார். கெட்டியாகச் சொல்ல வேண்டியிருந்தது; பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சாரமில்லை, போனாப் போறது” என்றாள் சுந்தரி. “அந்த நாலு நிமிஷத்தைப் போடுங்கோ. ஸ்பீக்கர்ல வேணாம், எல்லாருக்கும் சல்லியம். காதோட வைங்கோ.”

இத்தனை வருஷமும் கூடாது கூடாது என்று சொன்ன ஃபோனை அவர் தன் கையால் அவள் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. கீழே காயல் பக்கம் ஏதோ போட் ஹார்ன் அடித்தது. அது அவருக்குக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் புல்லாங்குழலாக இருக்க வேண்டும், புருவம் தளர்ந்தது. அப்புறம் விரல்கள் போர்வைமேல் மெல்லத் தாளம் போட்டன. மெல்லோட்ரான் ஏறும் இடம் வந்தது என்பது அவள் கையைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. ரோமம் குத்திட்டு நின்றது. பிறகு அவள் தானும் மூச்சை உள்ளே இழுத்தாள். அதை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விட்டாள்.

“இங்கதான் நின்னுடறது” என்றாள்.

“இன்னொருதரம் போடட்டுமா?”

“வேணாம். இன்னொருதரம் போட்டாலும் இங்கதான் நிக்கும்.”

வெங்கிட்டு ஃபோனைக் கீழே வைக்கவில்லை. அவள் காதோடு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நர்ஸ் வந்து, தலைமுடியை எடுக்க வேண்டும், சேட்டன் கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். உயிருக்கு ஒன்றுமில்லை. பெங்களூரிலிருந்து பெண் மாளவிகா வந்து இரண்டு வாரம் இருந்தாள். வந்த முதல் நாளே அப்பாவிடம் ரெக்கார்டு கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்பா, ஜஸ்ட் போட்டிருக்கலாமேப்பா” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்த சுந்தரிக்கு இடது பக்கம் வாய் கொஞ்சம் கோணியிருந்தது. காதில் ஒன்றுமில்லை. தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்திப் பேசினாள். அவள் உப்பு கேட்டால் கீழ்வீட்டு மாமிக்குத் தெரிந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் வெங்கிட்டு எதிரே உட்கார்ந்து ஃபோனில் எழுதி அனுப்புவார். அவள் மடியில் இருக்கும் ஃபோன் அதிரும், எடுத்துப் படிப்பாள், வாயால் பதில் சொல்லுவாள். ஒரே அறையில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் குடித்தனம்!

ரெக்கார்டு பிளேயரின்மேல் ஒரு துணி மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அரிவாள்மணையைத் தூக்கி எறிந்திருந்தால்கூட இவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “நீங்கோ போட்டிருக்கலாம்” என்றாள், வீடே அதிரும்படி. அவ்வளவுதான். மறுபடி பீன்ஸை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். வெங்கிட்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. அது தோன்றியதும் இன்னும் அழுதார்.

நல்ல தட்டு வந்தது. கட்டைப் பிரிக்காமல் அவர் அதை அலமாரிக்கு மேலே, பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை. ஆனால் ஆர்டர் போனது அவள் ஃபோனிலிருந்து. பார்சல் சேர்ந்துவிட்டது என்கிற செய்தியும் அவளுக்குத்தான் போயிருக்கும் என்பது அந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ உலுக்கி எழுப்பினார்கள். சுந்தரி குளித்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வளர ஆரம்பித்திருந்த குட்டைமுடியில் தண்ணீர் சொட்டியது.

“எழுந்திருங்கோ. குளிச்சுட்டு வந்து அதை எடுங்கோ. எங்க வச்சிருக்கேள்னு நேக்குத் தெரியும்.”

அவர் எழுந்து உட்கார்ந்து ஃபோனில் எழுதினார். ‘நீ கேக்காததை நான் மட்டும் எப்படிக் கேப்பேன்? நம்மால ஆகாது.’

அவள் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “ஆகணும். நான் எத்தனை நாளா அந்த மூச்சோட நிக்கறேன் தெரியுமா? தூங்கறச்சே அது வரது. காது போயாச்சு, ஆனா அது மட்டும் உள்ளே கேக்கறது, இழுக்கறது, நிக்கறது. நீங்கோ கேட்டு நேக்குச் சொல்லுங்கோ. யாரு பாடறா, என்ன ஆறது. அது போதும்.”

என்ன செய்ய முடியும் அவரால்? குளித்தார். துணியை எடுத்தார். தூசியைத் துடைத்தார். புதுத் தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை, ஒரு வளைவு இல்லை. சுழலவிட்டபோது அசையாமல் நிற்பதுபோலச் சுழன்றது. இதற்காகத்தானே, என்று நினைத்தபோது அவருக்கு அதைத் தரையில் போட்டு மிதிக்கத் தோன்றியது. சுந்தரி தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் முள்ளை வைத்தார்.

புல்லாங்குழல். அவள் சொன்ன மாதிரியே, தனியாக. பிறகு கிடார். பிறகு மெல்லோட்ரான் ஏறியது, ஏறியது. ஏற இடமில்லாமல் நின்றது. அந்த நிசப்தத்தில் மூச்சு.

அதற்குப் பிறகு ஒரு பெண் பாடினாள். பாடகி இல்லை அவள். யாரோ அந்தப் பையன்களில் ஒருவனுடைய அக்காவோ, மனைவியோ. துணி மடித்துக்கொண்டே தனக்குள்ளே பாடிக்கொள்கிற மாதிரி, யாருக்கும் கேட்க வேண்டும் என்கிற எண்ணமே இல்லாத ஒரு குரல். சுருதி ஓரிடத்தில் லேசாகப் பிசகியது. அவள் அதைத் திருத்திக்கொள்ளக்கூட இல்லை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து, அவளைத் தொந்தரவு செய்யாமல், சுற்றி நின்றுகொண்டன. இந்த இருபத்தைந்து முப்பது வருஷத்தில் அவர்கள் கேட்ட அத்தனை தட்டிலும் இப்படி ஒன்று வந்ததில்லை. இத்தனை வருஷமும் தேடியது இதைத்தான் என்று வெங்கிட்டுவுக்குத் தெரிந்தது. அது கிடைத்துவிட்டது. கிடைத்தது அவருக்கு.

அவர் ஃபோனை எடுத்தார். ‘ஒண்ணுமே இல்லை. யாரும் பாடலை. சும்மா கிடார்தான் இழுக்கறான். சுமார் ரகம். நீ கேக்காததுல நஷ்டமே இல்லை’ என்று எழுதி அனுப்பினார். அவளுக்கு ஆறுதலாக எழுதினாரா, தன் குற்றம் சின்னதாகட்டும் என்று எழுதினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அவள் மடியில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். தலையைத் தூக்கி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். எழுதுகிற மும்முரத்தில் அந்த அசடு கண்ணைத் துடைத்துக்கொள்ள மறந்திருந்தது.

“அவ்வளவு நன்னாயிருக்கா?” என்று கேட்டாள். கீழ்வீட்டில் பேச்சு நின்றது.

வெங்கிட்டுவால் பொய்யைத் தொடர முடியவில்லை. தலையை ஆட்டினார்.

“பொண்ணா?”

அதற்கும் ஆட்டினார்.

ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது அழாதவள், தலையை மழித்தபோது அழாதவள், சுந்தரி, அப்போது அழுதாள். கோணிய வாயால் அழுகையை அடக்கத் தெரியவில்லை. அவர் பதறி எழுந்து முள்ளைத் தூக்கப் போனார். “நிறுத்தாதீங்கோ!” என்று கத்தினாள். “தொடாதீங்கோ, பாடிண்டிருக்காளோல்லியோ, பாடட்டும்.”

அவர் கையை எடுத்துவிட்டார். வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு இன்னும் பாதிகூட ஆகியிருக்கவில்லை.